லீ குடும்பத்தாரின் போர்த்தொண்டும் அவர் விட்டுச்சென்ற ஏடுகளும்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பரண்மேல் ஒரு பழம்பெட்டி கிடத்தல் இயல்பு. பாட்டனார் காலத்துப் பத்திரங்களும், மை மங்கிய கடிதங்களும், எவர் எதற்காக வைத்தார் என்று இப்போது எவரும் அறியாத துண்டுத் தாள்களும் அதனுள் அடைந்து கிடக்கும். வீடு வெள்ளையடிக்கும் நாளில் அப்பெட்டி கீழிறங்கும், சிலர் தூசு தட்டி மீண்டும் மேலேற்றுவர், சிலர் அடுப்பிலிடுவர். அவ்வேடுகளுள் அடங்கிய செய்தி யாது, அதனை எங்ஙனம் படித்தல் வேண்டும் என்று ஆராய்வார் மிகச் சிலரே.

ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் போர்த்தொழில் பூண்டு, தம் கடிதங்களையும் குறிப்புகளையும் விட்டுச்செல்வாராயின், அவை பிற்காலத்தார்க்கு எத்துணைப் பயன்படும் என்பதையும், எவ்விடங்களில் ஏமாற்றும் என்பதையும் ஈண்டு ஓர் உதாரணங்கொண்டு விளக்கப் புகுகின்றோம். யாம் எடுத்துக்கொண்டது அமெரிக்க ஐக்கிய நாட்டில் வர்ஜீனியா மாநிலத்து லீ குடும்பத்தாரின் வரலாறு. அவருட் புகழ் மிக்கவர் போரில் தோற்ற பின்னர் ஒரு கல்லூரிக்குத் தலைவராய் அமர்ந்து உயிர்நீத்தவராதலின், கல்லூரி மாணாக்கராகிய நமக்கு அவ்வரலாறு ஓரளவு உறவுடையதே.

1. தந்தை

ஹென்றி லீ என்பார் 1756-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ஆம் நாள் வர்ஜீனியாவிற் பிறந்தார். இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என வழங்கும் கல்லூரியிற் பயின்று 1773-இல் பட்டம் பெற்றார். சட்டம் பயிலக் கருதியிருந்த அவ்விளைஞரை விடுதலைப் போர் தன்பால் ஈர்த்தது. 1776-இல் குதிரைப்படைத் தலைவராய்ச் சேர்ந்த அவர் விரைந்து தாக்குவதிலும் விரைந்து மறைவதிலும் வல்லவர். அதனால் 'இலகு குதிரை ஹாரி' என்னும் பொருளுடைய பட்டப்பெயரை அவர்க்கு மக்கள் இட்டு வழங்கினர். 1779-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பவுலஸ் ஹூக் என்னும் ஆங்கிலேயர் காவலிடத்தை விடியுமுன் தாக்கிப் பலரைச் சிறைபிடித்தமைக்காகக் காங்கிரஸ் சபையார் அவர்க்குப் பொற்பதக்கம் அளித்தனர். 1781-இல் தளகர்த்தர் நத்தானியேல் கிரீன் என்பாரின் கீழ்த் தென்மாநிலங்களிற் போர் புரிந்தார்.

போர் முடிந்தபின் 1791 முதல் 1794 வரை வர்ஜீனியாவின் ஆளுநராயும் விளங்கினார். ஆயினும் களத்தில் அவர்க்குத் துணைநின்ற துணிவு வாணிகத்தில் அவரைக் கெடுத்தது. நிலம் வாங்கி விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாமென்று கடன்மேற் கடன் வாங்கினார்; 1809-இல் கடனிறுக்கமாட்டாமையாற் சிறை புகுந்தார். அச்சிறையிலிருந்தே தென்மாநிலப் போர் நினைவுகளை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1812-இல் இரு பாகங்களாய் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பால்டிமோர் நகரில் ஒரு கலகக் கூட்டத்தாரால் தாக்குண்டு உடல்நலம் இழந்தார். மறு ஆண்டு நலந்தேடி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றவர் ஐந்தாண்டு அங்கங்கே அலைந்தார். வீடு திரும்பும் வழியில், 1818-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், ஜார்ஜியாவைச் சார்ந்த கம்பர்லந்துத் தீவில், தம் பழைய தளகர்த்தராகிய கிரீனின் மகளார் இல்லத்தில் உயிர்நீத்தார்.

அவர் வீட்டைவிட்டு நீங்கியபோது அவர்தம் மகன் ராபர்ட்டுக்கு ஆண்டு ஆறு. அவர் இறந்தபோது பதினொன்று. எனவே அம்மகன் தந்தையை அறிந்தது பெரிதும் ஏட்டின் வாயிலாகவே. மேற்கிந்தியத் தீவுகளினின்றும் மற்றொரு மகன் சார்ல்ஸ் கார்ட்டர் லீக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருந்தன. சிறையில் எழுந்த நூலும் இருந்தது. கடன்காரருக்கு அஞ்சிய தந்தையை ஊர் அறியும். களத்தில் வென்ற தந்தையை ஏடு அறியும். இவ்விருவருள் மகன் எவரைத் தெரிந்துகொண்டார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. மகன்

ராபர்ட் எட்வர்ட் லீ 1807-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் ஸ்ட்ராட்போர்டு மாளிகையிற் பிறந்தார். 1825-இல் வெஸ்ட்பாயிண்ட் படைக்கல்லூரியிற் சேர்ந்து, நான்காண்டும் ஒரு குற்றப்புள்ளியும் பெறாமல், 1829-இல் தம் வகுப்பில் இரண்டாமவராய்த் தேறினார். பொறிவலவர் படையில் அமர்ந்து கோட்டை கட்டுதல், ஆற்றின் போக்கைத் திருத்துதல் முதலிய பணிகளிற் பல்லாண்டு கழித்தார். 1831-இல் மேரி கஸ்டிஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரின் தந்தை ஜார்ஜ் வாஷிங்டன் பெருமகனாரின் மனையிற் பேரனாய் வளர்ந்தவர். ஆதலின் ஆர்லிங்டன் என்னும் அவர் மாளிகையில் வாஷிங்டனார் வழங்கிய பொருள்கள் பல காக்கப்பட்டிருந்தன.

1846-இல் மெக்ஸிகோவுடன் போர் மூண்டது. 1847-இல் வெராகுரூஸ் கோட்டை முற்றுகையின்போது ராபர்ட் பீரங்கி மேடை அமைக்கும் பணியில் இருந்தார். அவர் அண்ணனார் சிட்னி ஸ்மித் லீ, கடற்படையினர், அம்மேடையில் ஒரு பீரங்கியை நடத்தினார். வீட்டிற்கு விடுத்த கடிதமொன்றில், தாம் எத்திசை திரும்பினும் தம் கண் அண்ணனையே தேடியதாகவும், அவர் தம் முன்னே வீழ்ந்திருப்பின் தாம் என் செய்திருப்பாரோ அறியேனென்றும் ராபர்ட் வரைந்துள்ளார். அரசாங்கத்தார்க்கு விடுக்கும் போர் அறிக்கையில் இத்தகைய வரி இடம்பெறாது. குடும்பக் கடிதத்தின் தனிப்பயன் இதுவென மாணாக்கர் குறித்துக்கொள்ளல் தகும். அறிக்கையிற் பீரங்கிகளின் தொகை காணப்படும். பீரங்கியருகே நின்றவன் எவனுக்கு உடன்பிறந்தான் என்பது காணப்படாது.

1861-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அவர் வாழ்வின் கூற்றெல்லையாய் வந்தது. அடிமைமுறையை நிலைநாட்ட விழைந்த தென்மாநிலங்கள் ஐக்கியத்தினின்றும் பிரிந்தன. அம்மாதம் 18-ஆம் நாள் ஐக்கியப் படையின் தலைமைப் பதவி அவர்க்கு அளிக்கப்படுவதாய்ச் செய்தி வந்தது, அவர் ஏற்றாரில்லை. 20-ஆம் நாள் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று தம் தலைவராகிய வின்பீல்டு ஸ்காட் என்னும் முதிய தளகர்த்தருக்கு. மற்றொன்று பால்டிமோரில் வாழ்ந்த தம் தமக்கையார் ஆன் மார்ஷலுக்கு. இரண்டினும், தம் பிறந்த மாநிலத்தைக் காத்தற்பொருட்டன்றி இனி வாளெடுப்பதில்லை என்று கூறினார். மூன்று நாட்களுக்குள் அம்மாநிலப் படைக்கே தலைவராயினார். தமக்கையாரோ ஐக்கியத்தின் பக்கம் நின்றவர். அவர் மகன் ஐக்கியப் படையிற் பணிபுரிந்தான். அம்மருமகன் தம்மை எதிர்த்துப் போரிடுவதைத் தாம் பொறுத்தல் கூடுமென்றும், போப் என்னும் தளகர்த்தரோடு அவன் சேர்ந்ததைப் பொறுத்தலே அரிதென்றும் மறு ஆண்டில் ராபர்ட் ஒரு கடிதத்தில் எழுதினார். ஒரு நாட்டின் பிளவு ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளிடையே எங்ஙனம் ஓடிற்று என்பதற்கு இவற்றினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1862-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கடற்கரைக் காவலின்பொருட்டுத் தெற்கே சென்றிருந்த அவர் கம்பர்லந்துத் தீவிற் சென்று தந்தையின் கல்லறையைக் கண்டார். கண்டதை மனைவியார்க்கு எழுதினார். தந்தை உருவாக்கிய ஐக்கியத்தை எதிர்த்துப் போர்புரியும் மகன் அக்கல்லறையின் முன் நின்றபோது யாது நினைத்தாரோ, அறியோம். நினைத்தவை எல்லாம் ஏட்டில் ஏறுவதில்லை.

3. பேரர்

ராபர்ட் லீயின் மக்கள் மூவரும் அப்போரில் தந்தையின் பக்கத்தே நின்றனர். மூத்தவர் கஸ்டிஸ் லீ 1854-இல் வெஸ்ட்பாயிண்டில் முதல்வராய்த் தேறியவர். அக்காலத்து அக்கல்லூரியின் தலைவர் அவர் தந்தையாரே. இரண்டாமவர் பிட்ஸ்ஹியூ, வீட்டில் ரூனி எனப்படுவார், ஹார்வர்டிற் பயின்று குதிரைப்படையிற் சேர்ந்தவர். இளையவர் தந்தை பெயரே உடைய ராபர்ட். 1862-இல் பீரங்கிப் படையிற் சாதாரணப் போர்வீரனாய்ச் சேர்ந்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஆண்டீட்டம் ஓடையருகே பெரும்போர் நிகழ்ந்தது. அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் மிகுதியான குருதி சிந்திய போர் அதுவே. உருக்குலைந்த ஒரு பீரங்கிப் படைப்பகுதியைத் தளகர்த்தர் மீண்டும் களத்திற்கு அனுப்பினார். வெடிமருந்துப் புகையாற் கருகிய முகத்தோடு ஒரு வீரன் வந்து வணங்கினான். தந்தை அவனை முதலில் அறிந்தாரில்லை. எங்களை மறுபடியும் அனுப்பப் போகின்றீரோ என்று மகன் கேட்டான்; ஆம், இயன்றதைச் செய்தல் வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் விடைகூறி விடுத்தார். இதனை அம்மகனே முதுமையில் தம் நூலில் எழுதி வைத்துள்ளார்.

அவ்வாண்டு அக்டோபரில் மகள் ஆனி நோயால் இறந்தாள். 1863-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் பிராண்டி ஸ்டேஷன் போரில் ரூனி காலிற் புண்பட்டார். உறவினர் இல்லத்திற் புண் ஆற்றிக்கொண்டிருந்தபோது ஐக்கியப் படையினர் வந்து அவரைச் சிறைகொண்டனர். அவர் மனைவி சார்லட் இறக்குந் தறுவாயில் இருந்தாள். தம்பி ஒருமுறை சென்று மனைவியைக் காணும்படி அவர்க்குப் பதிலாகத் தாம் சிறையிருப்பதாய்க் கஸ்டிஸ் வேண்டினார், வேண்டுகோள் மறுக்கப்பட்டது. டிசம்பர் 26-ஆம் நாள் அப்பெண் இறந்தாள். கணவர் விடுதலை பெற்றது மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில்.

1865-ஆம் ஆண்டு ஏப்பிரல் 6-ஆம் நாள் கஸ்டிஸ் சிறைப்பட்டார். 9-ஆம் நாள் அப்போமாடக்ஸ் என்னுமிடத்தில் தந்தை கிராண்டு தளகர்த்தரிடம் அடைக்கலம் புகுந்தார். நான்காண்டுப் போரில் இருதிறத்தும் மாண்டவர் 6 இலட்சத்திற்கு மேற்பட்டவர். ஏறக்குறைய 40 இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர்.

குடும்பத்தின் போர்த்தொழில் அத்தோடு ஒழிந்ததன்று. கடற்படை அண்ணனாரின் மகன் பிட்ஸ்ஹியூ லீ (இப்பெயர் குடும்பத்தில் இருவர்க்கு உண்டு) தென்படையிற் குதிரைத் தளகர்த்தராயிருந்து, பின்னர் வர்ஜீனியாவின் ஆளுநருமாகி, 1898-இல் ஸ்பெயின் போர் மூண்டபோது தாம் முன்னர் எதிர்த்த அதே ஐக்கியக் கொடியின் கீழ்த் தளகர்த்தராய் அமர்ந்தார். ஒரு குடும்பம் ஒரு கொடியை நாட்டி, அதனை எதிர்த்து, மீண்டும் அதன்கீழ் வந்து நின்ற கதை 1776 முதல் 1898 வரை இங்ஙனம் நீள்கின்றது.

4. ஏடுகளின் கதை

போரில் தோற்ற ராபர்ட் லீ தம் படையின் வரலாற்றை எழுத எண்ணினார். படையின் பதிவேடுகளோ பின்வாங்கும் வழியில் எரிந்தொழிந்தன. 1865-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தம் பழைய தலைவர்களுக்கு நிருபம் விடுத்து, அவரவரிடம் உள்ள குறிப்புகளை வேண்டினார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லெக்ஸிங்டன் ஊரில் வாஷிங்டன் கல்லூரியின் தலைமையை ஏற்றார். கல்லூரிப் பணி பெருகிற்று, வரலாறு எழுதப்பட்டிலது. அதற்கு மாறாகத் தந்தையாரின் போர் நினைவு நூலை மூன்றாம் பதிப்பாக 1869-இல் வெளியிட்டார். தந்தையாரின் வாழ்க்கைச் சரிதத்தைத் தாமே எழுதி முகப்பிற் சேர்த்து, மேற்கிந்தியத் தீவுகளினின்றும் வந்த கடிதங்களையும் உடன் பதிப்பித்தார். தந்தையார் கடன்பட்டுச் சிறை புகுந்த துயரத்தை அதில் அவர் விரித்துரைத்தாரில்லை. ஊர் அறிந்த தந்தையை விடுத்து, ஏடு அறிந்த தந்தையையே அவர் தெரிந்துகொண்டார். மறு ஆண்டு, 1870 அக்டோபர் 12-ஆம் நாள், தாமும் உயிர்நீத்தார். அக்கல்லூரி வாஷிங்டன் – லீ என இருவர் பெயரும் பூண்டது. கஸ்டிஸ் லீ 1871 முதல் 1897 வரை தந்தையின் இருக்கையில் அமர்ந்து அதனை நடத்தினார்.

1904-இல் இளையமகன் ராபர்ட் தந்தையின் கடிதங்களைத் தொகுத்துத் தம் நினைவுகளோடு வெளியிட்டார். தந்தையின் நினைவைத் தாத்தாவுக்கு அவர் மகன் பேணியவாறே, இவர்க்கு இவர் மகன் பேணினார். மகன் எழுதிய நூலாதலின் அது மகன் கண்ட தந்தையையே காட்டும்.

ஏட்டின் விந்தை இன்னும் உண்டு. கல்லூரித் தலைமையை ஏற்ற அதே நாளில் ராபர்ட் லீ ஐக்கியத்திற்கு அடங்கி நடப்பதாய் ஓர் உறுதிமொழிப் பத்திரத்திற் கையொப்பமிட்டு அரசாங்கத்தார்க்கு அனுப்பியிருந்தார். அது 100 ஆண்டுகளுக்கு மேற் பதிவேடுகளிடையே மறைந்து கிடந்து, 1970-இல் தேசியப் பழஞ்சுவடி நிலையத்திற் கண்டெடுக்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் போர்டு தலைவர், காங்கிரஸ் இயற்றிய தீர்மானத்திற் கையெழுத்திட்டு, இறந்து 105 ஆண்டு கழிந்தவர்க்குக் குடியுரிமையை மீட்டளித்தார். ஒரு தாள் இருக்குமிடம் அறியாமை எத்துணைக் காலம் ஒரு காரியத்தைத் தடுக்கும் என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்று. 1917-இல் ராபர்ட் லீயின் மூத்த மகள் மேரி கஸ்டிஸ் லீ, மணமாகாது முதிர்ந்தவர், அலெக்ஸாண்டிரியா நகரத்துப் பாங்கி ஒன்றில் இரண்டு மரப்பெட்டிகளை வைத்தார். மறு ஆண்டு இறந்தார். பெட்டிகளைக் கேட்பாரில்லை. 2002-ஆம் ஆண்டிலே பாங்கியின் நிலவறையில் அவை வெளிப்பட்டன. திறந்து நோக்கியபோது பல தலைமுறைக் கடிதங்களும் பத்திரங்களும் படங்களுமாக ஆயிரக்கணக்கான பொருள்கள் இருந்தன. அவை ரிச்மண்டு நகரில், இன்று வர்ஜீனியா வரலாற்றுப் பண்பாட்டு அருங்காட்சியகம் என வழங்கும் நிலையத்திற் சேர்ந்தன. அவற்றையும் பிறவற்றையும் ஆராய்ந்து எலிசபெத் பிரௌன் பிரையர் என்னும் ஆசிரியை 2007-இல் எழுதிய நூல், அதுகாறும் வழங்கிய லீயின் உருவத்தைப் பலவிடத்துத் திருத்தியது.

5. ஏட்டில் ஏறாதவர்

இதுகாறுங் கூறியவற்றைப் படித்தவர், வீரமும் துயரமும் கடமையும் நிறைந்த ஒரு குடும்பத்தைக் கண்டிருப்பர். அஃது உண்மையே, முழு உண்மையன்று. அவ்வீட்டில் வேறு பலரும் வாழ்ந்தனர். அவர் பெயர்கள் கடிதங்களில் அருகியே வரும். வருமிடத்தும் சொத்துக் கணக்கிலேயே வரும்.

1856-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் மனைவியார்க்கு எழுதிய கடிதத்தில், அடிமைமுறை எந்நாட்டிலும் அறத்திற்கும் அரசியற்கும் கேடென ராபர்ட் லீ ஒப்புகின்றார். இவ்வொரு வரியை மட்டும் எடுத்துக்காட்டி அவரை அடிமைமுறையின் பகைவராகச் சித்திரித்தாரும் உளர். அடுத்த வரிகளையோ அவர் படித்திலர். அக்கேடு கறுப்பரினும் வெள்ளையர்க்கே மிகுதியென்றும், கறுப்பர் படும் துன்பம் அவர் திருந்துதற்கு வேண்டப்படுவதென்றும், அது நீங்குங் காலம் கடவுளுக்கே தெரியுமென்றும் அக்கடிதம் தொடர்கின்றது. ஒரு கடிதத்தை முற்றும் படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் யாம் கண்டதில்லை.

1857-இல் மாமனார் இறந்தார். ஏறக்குறைய 200 அடிமைகளை ஐந்தாண்டுக்குள் விடுவிக்கும்படி அவர் சாசனம் எழுதியிருந்தார். அதனை நிறைவேற்றும் பொறுப்பு ராபர்ட் லீயினது. உடனே விடுதலை கிடைக்குமென்று நம்பிய அடிமைகட்கும், கடனை அடைக்க அவர் உழைப்பை வேண்டிய தலைவர்க்கும் பூசல் விளைந்தது. 1859-இல் வெஸ்லி நாரிஸ் என்பவரும் அவர் தங்கையும் உறவினர் ஒருவரும் தப்பியோடி, மேரிலந்தில் அகப்பட்டு, ஆர்லிங்டனுக்குக் கொணரப்பட்டனர். அங்குத் தாம் கசையால் அடிக்கப்பட்டதையும், தலைவர் உடனிருந்து அதனை ஏவியதையும், புண்மேல் உப்புநீர் ஊற்றப்பட்டதையும் நாரிஸ் 1866-இல் வாக்குமூலமாகக் கூறினார். அஃது அடிமையொழிப்பார் பத்திரிகையில் அச்சாயிற்று.

இதுபற்றி லீயின் குடும்ப ஏடுகள் கூறுவது என்ன? 1859 ஜூலை 2-ஆம் நாள் மகன் கஸ்டிஸுக்கு எழுதிய கடிதத்தில், நியூயார்க் பத்திரிகை ஒன்று தம்மைத் தாக்கியுள்ளதென்றும், தாம் விடையளிக்கப் போவதில்லையென்றும், பாட்டனார் தமக்கு இனிமையற்றதொரு பொறுப்பை விட்டுச்சென்றாரென்றும் மட்டும் கூறுகின்றார். அடித்ததையோ மறுத்ததையோ அங்குக் காணோம். நெடுங்காலம் நாரிஸின் சொல்லைப் பொய்யென்று ஒதுக்கினர். பின்னர் ஆராய்ந்தோர், ஓடியவரைப் பிடித்தற்காகக் காவலர்க்குக் கொடுத்த பணம் லீயின் கணக்கிலேயே பதிவாயிருத்தலைக் கண்டனர். கடிதம் மறைத்ததைக் கணக்கு வெளிப்படுத்திற்று. 1862 டிசம்பர் 29-ஆம் நாள் லீ அவ்வடிமைகளின் விடுதலைப் பத்திரத்தை நிறைவேற்றினார் என்பதையும் நடுநிலை கருதிக் கூறல் வேண்டும்.

இன்னும் ஒரு பெயரை மறத்தலாகாது. 1861-இல் லீயின் மனைவியார் ஆர்லிங்டனை விட்டு நீங்கியபோது வீட்டின் சாவிகளைச் செலீனா கிரே என்னும் அடிமைப் பெண்ணிடம் ஒப்புவித்தார். படைவீரர் வாஷிங்டனாரின் பொருள்களைக் கவர்ந்து செல்லத் தொடங்கியதைக் கண்ட அப்பெண் படைத்தலைவர் மெக்டவலிடம் முறையிட, அவை பாதுகாப்பான இடத்திற்கு மாற்றப்பட்டன. 1901-இல் மெக்கின்லி தலைவர் அவற்றைக் குடும்பத்தாரிடம் மீட்டளித்தார். ஒரு பெருங்குடும்பத்தின் அருஞ்செல்வம் அழியாது நின்றது, அக்குடும்பம் உரிமை மறுத்து வைத்திருந்த ஒருத்தியின் நேர்மையால். அவள் தன் பழைய தலைவியார்க்கு 1872-இல் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் உளது. தலைமுறை வீரரின் நூற்றுக்கணக்கான கடிதங்களோடு அவ்வொரு கடிதத்தையும் ஒருசேர வைத்துப் படிப்பவனே அவ்வீட்டை அறிந்தவனாவான்.

ஆர்லிங்டன் பின்னர் என்னாயிற்று? போர்க்காலத்தில் அரசாங்கத்தார் அதனைக் கைப்பற்றி 1864-இல் மாண்ட வீரரை அங்கே அடக்கத் தொடங்கினர். கஸ்டிஸ் லீ வழக்குத் தொடுத்தார். 1882-இல் தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கல்லறைகளை அகற்ற விரும்பாத அவர் மறு ஆண்டு 1,50,000 டாலருக்கு நிலத்தை அரசாங்கத்தார்க்கே விற்றார். லீயின் வாயிலில் இன்றும் அமெரிக்க வீரர் துயில்கின்றனர். ரிச்மண்டில் 1890-இல் நாட்டிய அவர் சிலையோ 2021-இல் அகற்றப்பட்டது. சிலை ஒருமுகமே காட்டும். ஆதலின் ஒரு காலத்து எழும், ஒரு காலத்து விழும். ஏடு பலமுகம் காட்டும். அதனை விழத்தள்ளல் அரிது.

6. நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றினின்றும் மாணாக்கர் மூன்று விதிகளை உட்கொள்ளலாம். முதலாவது, அன்றே எழுதியது எது, ஆண்டு பல கழிந்து எழுதியது எது எனப் பிரித்தறிதல். வெராகுரூஸ் கடிதம் புகை அடங்குமுன் எழுந்தது. ஆண்டீட்டம் நிகழ்ச்சியோ 40 ஆண்டுக்குப்பின் மகன் நினைந்து எழுதியது. இரண்டும் பயனுடையன, இரண்டும் ஒருதன்மைய அல்ல. இரண்டாவது, எவர் எவருக்கு எழுதினார் என நோக்குதல். தலைவருக்கு எழுதியதிற் கடமையும், தமக்கைக்கு எழுதியதில் நெஞ்சமும் புலப்படும். மூன்றாவது, எழுதாதவர் எவர் என வினவுதல். எழுத்தறிவு மறுக்கப்பட்டவரின் சொல் பெட்டியிற் கிடையாது. அதனைக் கணக்கேட்டிலும், வழக்குப் பதிவிலும், பிறர் கேட்டெழுதிய வாக்குமூலத்திலும் தேடல் வேண்டும்.

இவ்விதிகள் அமெரிக்க நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. நம் நாட்டிலும் படையிற் பணிபுரிந்த குடும்பங்கள் பல. 1914 முதல் 1919 வரை நிகழ்ந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனைபேர் சென்றனர், இத்தனைபேர் மாண்டனர் என்று பொறித்த கற்களை நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றுங் காணலாம். கல்லில் தொகை மட்டும் உண்டு. சென்றவரின் பெயர் ஏதேனும் ஒரு பென்ஷன் புத்தகத்திலோ, விடுதலைச் சான்றிதழிலோ, தணிக்கையாளர் முத்திரை குத்திய ஓர் அஞ்சலட்டையிலோ இருத்தல் கூடும். அத்தாள் நம் வீட்டுப் பரணிலேயே கிடத்தலுங் கூடும்.

ஆதலின் அன்புடைய மாணாக்கர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் சிறிது. இவ்விடுமுறையில் ஊர் சென்றதும் அப்பெட்டியைக் கீழிறக்குமின். தாள்களை உதறாமல் ஒவ்வொன்றாய்ப் பிரித்து, நாளும் பெயரும் ஊரும் குறித்துக்கொள்ளுமின். வீட்டில் முதியோர் இருப்பின் இன்றே அவரருகமர்ந்து கேண்மின். எழுத்தறியாப் பாட்டியாரை முதலிற் கேண்மின், அவர் சொல் எப்பெட்டியிலும் இராது. பெருமை தருவதை மட்டும் எழுதிச் சிறுமை தருவதை விடாதீர். விட்டதை ஒருநாள் வேறொருவர் கணக்கேட்டிலே கண்டெடுப்பர். நம் முன்னோர் வாளேந்தினார் என்பதனால் நமக்கு வரும் பெருமை சிறிதே. அவர் செய்ததனைத்தையும் அஞ்சாது நோக்கும் உள்ளம் நமக்கு வாய்ப்பின் அதுவே பெரிது.